கரடுமுரடுப் பாதைக்கான கேம்பர் வாகனங்களின் விலையேற்றம்: இப்போதே வாங்குவதா, பொறுத்திருப்பதா?

கேள்வி: செம்பனைவாசி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். வேலை ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ள நிலையில், நானும் என் மனைவியும் நெடுநாளாகப் பேசிவரும் ஒரு திட்டத்தைப் பற்றி இங்குள்ள விவரமறிந்தவர்களிடம் கருத்துக் கேட்க விரும்புகிறேன். நாங்கள் இருவருமே தோட்டத்து மண் சாலைகளில் வளர்ந்தவர்கள். தார்ச்சாலை முடிந்த பிறகும் தொடர்ந்து செல்லக்கூடிய, உள்ளேயே சமைத்து உறங்கக்கூடிய ஒரு கேம்பர் வாகனத்தை வாங்கி, முதலில் பேராக், கிளந்தான், பகாங் மாநிலங்களின் உட்பகுதிகளையும், உடல்நிலை இடங்கொடுத்தால் பின்னர் லாவோஸ், சீனா வழியாக மத்திய ஆசியாவையும் பார்த்துவர வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

தடையாக நிற்பது விலைதான். அமெரிக்காவின் எர்த்ரோமர் நிறுவனம் 2017-இல் அறிமுகப்படுத்திய பெரிய வாகனத்தின் விலை 15 லட்சம் அமெரிக்க டாலர் என்று படித்தபோது, அது நம் கைக்கு எட்டாதது என்று ஒதுக்கிவிட்டேன். ஆனால் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய லோரி சேசிஸ்மீது (இயந்திரத்தையும் சக்கரங்களையும் தாங்கும் அடிப்பகுதிமீது) கட்டப்பட்டு, ஒரு காலத்தில் எட்டிப்பிடிக்கலாம் என்று தோன்றிய வாகனங்களும் பெருந்தொற்றுக்குப் பிறகு விலை ஏறிவிட்டன. உள்ளூர்ப் பட்டறைகளிலும் கேட்கும்போதெல்லாம் முன்பு சொன்னதைவிடக் கூடுதலான தொகையையே சொல்கிறார்கள்.

எங்கள் முன் உள்ள வழிகள் மூன்று: வெளிநாட்டிலிருந்து கட்டி முடித்த வாகனத்தை வரவழைப்பது, நான்கு சக்கர இயக்கமுள்ள சிறிய லோரியை வாங்கி இங்கேயே பின்பகுதியில் அறை கட்டுவது, அல்லது பிக்கப் வாகனத்தில் கூரைக் கூடாரம் பொருத்திக்கொள்வது. சேமநிதியிலிருந்து சுமார் இரண்டு லட்சம் ரிங்கிட்டை இதற்கென ஒதுக்க முடியும். விலை ஏறிக்கொண்டே போவதால் இப்போதே வாங்கிவிடும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். இவ்வளவு விலை எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரியாமல் பணத்தை எடுக்கக் கூடாது என்கிறார் என் மனைவி. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: லோரிப்பட்டறை, குவாலா கங்சார்

வணக்கம் ஐயா. உங்கள் துணைவியார் கேட்பதிலிருந்தே தொடங்குகிறேன். லோரிகளுக்குப் பின்பகுதி கட்டும் தொழிலில் நீண்ட காலமாக இருப்பதால், இந்த வாகனங்களின் விலை எங்கே சேர்கிறது என்பதை ஓரளவு விளக்க முடியும்.

முதற்செலவு சேசிஸ். கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் மேட்டிலும் எதிர்ச்சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது லோரியின் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கிக்கொள்வதற்காகவே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் வீடு போன்ற ஓர் அறையை நேரடியாகப் போல்ட் வைத்து இறுக்கிவிட்டால், சட்டகம் முறுக்கும் ஒவ்வொரு முறையும் அறையின் மூலைகளும் சன்னல் ஓரங்களும் அந்த விசையை வாங்கி, நாளடைவில் விரிசல் விட்டு, மழைநீர் உள்ளே இறங்கத் தொடங்கும். இதைத் தவிர்க்கவே ஜெர்மனியின் யூனிகாட், ஆஸ்திரியாவின் ஆக்‌ஷன் மொபில் போன்ற நிறுவனங்கள், அறைக்கும் சேசிஸுக்கும் இடையில் தனிச் சட்டகம் ஒன்றை அமைத்து, அதை மூன்று அல்லது நான்கு புள்ளிகளில் அசையும்படி தாங்குகின்றன. இந்த வேலை கண்ணுக்குத் தெரியாது, விளம்பரப் படங்களிலும் வராது. ஆனால் விலையில் நியாயமான பகுதி என்று நான் கருதுவது இதைத்தான். இதைச் சரியாகச் செய்யாத வாகனத்துக்கு, உள்ளே எத்தனை அழகான மர வேலைப்பாடு இருந்தாலும், பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, சேசிஸ் கிடைப்பதே குறைந்து வருவது. மிட்சுபிஷி ஃபூசோ கேன்டர் போன்ற சிறிய நான்கு சக்கர இயக்க லோரிதான் நடுத்தரக் கேம்பர் கட்டுவோருக்குப் பல ஆண்டுகளாக ஆதாரமாக இருந்தது. 2020-இல் ஃபூசோ அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அந்தச் சேசிஸை நம்பியிருந்த அமெரிக்க எர்த்குரூசர் நிறுவனம் பிறகு வேறு சேசிஸ்களுக்கு மாறியது, 2024-இல் பணிகளை நிறுத்துவதாகவும் அறிவித்தது. இதற்கிடையே 2021-இல் மின்னணுச் சில்லுத் தட்டுப்பாட்டால் லோரி உற்பத்தி தாமதப்பட்டது, 2022 மார்ச்சில் அலுமினியம் உலகச் சந்தையில் உச்ச விலையைத் தொட்டது. ஐரோப்பாவின் மாசுக் கட்டுப்பாட்டு விதியான யூரோ 6-க்கேற்ற புதிய இயந்திரங்களில் புகை வடிகட்டிகளும் புகையைச் சுத்திகரிக்கும் ஆட்புளூ திரவமும் சேர்ந்துகொண்டதால், அவற்றைப் பழுதாக்கக்கூடிய கந்தகம் மிகுந்த டீசல் விற்கும் நாடுகளுக்குச் செல்வோர் பழைய எளிய இயந்திரங்களையே தேடுகிறார்கள். பழைய வாகனங்களின் விலை இறங்காமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லாமே ஏறுகிறது என்று எண்ண வேண்டாம். லித்தியம் பேட்டரியும் சூரிய ஒளித் தகடும் சில ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இன்று மலிவு. முன்பு 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி ஏறத்தாழ 30 கிலோ எடை இருந்தது, அதிலும் பாதி மின்சாரத்தைத்தான் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடிந்தது. அதே அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறத்தாழ 12 கிலோ, பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். பொறுத்திருப்பவர்களுக்கு நட்டம் மட்டுமே என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

எடையைப் பற்றியும் ஒரு சொல். பிக்கப் வாகனம் சுமக்கக்கூடியது ஏறத்தாழ ஒரு டன். இருவரின் எடை, 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, சிக்கிய வாகனத்தை இழுக்கும் வின்ச், இரும்பு முன்தடுப்பு, கூடாரம், உதிரி டயர்கள் என்று சேர்த்தால் அந்த ஒரு டன் மிக விரைவில் தீர்ந்துவிடும். மறுபுறம், பெரிய ஐரோப்பிய வாகனங்களின் எடை பத்து டன்னைத் தாண்டும். நம் தோட்டத்து ஓடைகளின் மேல் உள்ள பாலங்களில் செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாலத்தில் பத்து டன் வாகனத்தை ஏற்ற நான் துணிய மாட்டேன்.

மறுமொழி: கணக்குப்பேரேடு, தாப்பா

பட்டறை அண்ணன் இரும்பின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் பணத்தின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

டாலர் விலையை ரிங்கிட்டில் பார்க்கும்போது இரண்டு ஏற்றங்கள் கலந்து ஒன்றாகத் தெரிகின்றன. 2014 நடுப்பகுதியில் ஒரு டாலர் சுமார் 3.20 ரிங்கிட். 2024 பிப்ரவரியில் அது 4.80 வரை போனது. அதாவது ஒரு லட்சம் டாலர் வாகனத்தின் விலை அமெரிக்காவில் ஒரு காசு கூட ஏறாமல் இருந்திருந்தாலும், நமக்கு அது 3,20,000 ரிங்கிட்டிலிருந்து 4,80,000 ரிங்கிட்டாகியிருக்கும். அதே 2024 செப்டம்பர் இறுதியில் டாலர் 4.12 அளவுக்கு இறங்கியபோது, அந்த வாகனம் 4,12,000 ரிங்கிட்டுக்கு வந்துவிட்டது. ஏழு மாதத்தில் 68,000 ரிங்கிட் வேறுபாடு. எனவே வெளிநாட்டு வாகனத்தை இப்போதே வாங்கச் சொல்லும் நண்பர்கள், தாங்கள் அறியாமலே நாணயச் சந்தையைப் பற்றி முன்னறிவிப்புச் செய்கிறார்கள். அந்த முன்னறிவிப்பின்மேல் சேமநிதிப் பணத்தை வைக்கக் கூடாது.

இறக்குமதிக்கு ஏபி எனப்படும் அரசின் இறக்குமதி அனுமதி வேண்டும். பயணிகள் வாகனங்களுக்குக் கலால் வரி 60 முதல் 105 விழுக்காடு வரை செல்கிறது, அதன்மேல் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. உங்கள் வாகனம் எந்த வகைப்பாட்டில் வருகிறது என்பதைச் சுங்கத்துறையிடம் எழுத்து மூலம் பெறாமல் வெளிநாட்டு விற்பனையாளருக்கு முன்பணம் அனுப்புவது ஆபத்தானது. இரண்டு லட்சம் ரிங்கிட்டுக்குள் முதல் வழி நடக்காது என்பதே என் கணிப்பு.

இனி, யாரும் விலைப்பட்டியலில் எழுதாத செலவு. சேமநிதி 2023-க்கு 5.5 விழுக்காடும் 2024-க்கு 6.3 விழுக்காடும் ஈவு அறிவித்தது. 6.3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், எடுக்காமல் விட்ட இரண்டு லட்சம் ஓராண்டில் 12,600 ரிங்கிட் ஈட்டும். வாகனத்தை வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்திய முதல் நாளிலிருந்து, நீங்கள் எங்கும் போகாவிட்டாலும், ஆண்டுக்கு ஏறத்தாழ அந்தத் தொகையை இழக்கிறீர்கள். காப்புறுதி, சாலை வரி, டயர், துரு நீக்கம் எல்லாம் அதற்கு மேல். ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கும்போது, ஆண்டில் சில வாரங்களே பயணம் செய்ய முடியும் என்றால், நான்கு சக்கர இயக்க வாகனத்தையும் கூடாரத்தையும் தேவைப்படும்போது வாடகைக்கு எடுத்து, மீதியை ஈவு ஈட்ட விடுவதே லாபம். எத்தனை நாள் பயணத்துக்கு மேல் சொந்த வாகனம் மலிவாகும் என்பதை அறிய, உங்கள் ஊரில் சொல்லும் நாள் வாடகையால் அந்த 12,600-ஐ வகுத்துப் பாருங்கள். காப்புறுதியையும் சேர்த்து வகுத்தால் இன்னும் தெளிவாகும். வாடகை ஒப்பந்தத்தில் தார்ச்சாலைக்கு வெளியே செல்ல அனுமதி உண்டா என்பதையும் படித்துக்கொள்ளுங்கள்.

டீசலும் மாறிவிட்டது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் உதவித்தொகை விலக்கப்பட்டு, லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டானது. அதன் பிறகு விலை வாராவாரம் அறிவிக்கப்படுகிறது. 3.35 ரிங்கிட் கணக்கில், 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் பிக்கப் 2,000 கிலோமீட்டர் சுற்றிவர 804 ரிங்கிட் ஆகும். 25 லிட்டர் குடிக்கும் கனரக வாகனத்துக்கு 1,675 ரிங்கிட். வாங்கும்போது ஒரு முறை கொடுக்கும் விலையைப் போல் அல்லாமல், இது ஒவ்வொரு பயணத்திலும் திரும்பத் திரும்ப வரும் வேறுபாடு.

மறுமொழி: தரைவழியாள், கிரிக்

ஐயா, நான் தங்களிடம் கேட்க விரும்புவது வாகனத்தைப் பற்றி அன்று, போகும் இடத்தைப் பற்றி. நெடும்பயணக் கேம்பருக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி, கடையும் தண்ணீரும் மனிதரும் இல்லாத பரப்பில் பல வாரங்கள் தங்குவதற்கான விலை. நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர்த் தொட்டி, உறைபனிக்குத் தடித்த சுவர், இரட்டைக் கண்ணாடி, டீசல் வெப்பமூட்டி எல்லாம் சகாராவுக்கும் சைபீரியாவுக்கும் உரியவை. எங்கள் கிரிக்கிலிருந்து கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் ஜெலி வரை போனாலும், ஒரு தொட்டி எரிபொருளுக்குள் அடுத்த ஊர் வந்துவிடுகிறது. நம் நாட்டில் வாகனத்துக்குள் உறங்குவோரை வருத்துவது குளிர் அன்று, ஈரம். மூடிய பெட்டிக்குள் இருவர் மூச்சுவிட்டு, சோறு வடித்து, வெளியே இரவு முழுதும் மழை பெய்தால், விடியும்போது மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கும், சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கும். குளிர்நாட்டுக்கென்று இறுக்கி மூடப்பட்ட விலையுயர்ந்த அறை இங்கே நமக்கு எதிராகவே வேலை செய்கிறது. நமக்கு வேண்டியது எதிரெதிர்ப் பக்கங்களில் வலையிட்ட பெரிய சன்னல்கள், கூரையில் காற்றை வெளியேற்றும் விசிறி, மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி. இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

குளிர்சாதனம் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். 12.8 வோல்ட்டில் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி சுமார் 2,560 வாட்-மணி தரும். 500 வாட் இழுக்கும் சிறிய குளிர்சாதனத்தை அது ஐந்து மணி நேரம் ஓட்டும், பிறகு நின்றுவிடும். இரவு முழுதும் ஓட வேண்டுமானால் பேட்டரியும் தகடும் அவற்றைத் தாங்கும் சேசிஸும் பெரிதாக வேண்டும். வாகனம் பெரிதாவது பெரும்பாலும் இப்படித்தான், ஒரு வசதி இன்னொன்றைக் கேட்பதால். கேமரன் மலைப் பக்கமும் லோஜிங் பக்கமும் உயரத்தில் தங்கினால் இந்தச் செலவே எழாது.

மேலும், நம் உட்பகுதிகளில் பாதை பெரும்பாலும் ஆற்றிலோ ஏரியிலோ முடிகிறது. ராயல் பெலும் வனப்பூங்காவுக்குள் பூலாவ் பண்டிங்கிலிருந்து படகில்தான் போக வேண்டும், முன்கூட்டியே அனுமதியும் பெற வேண்டும். கென்யிர் ஏரியிலும் அருவிகளுக்குப் படகுதான். தாமான் நெகாராவுக்குக் குவாலா தகானில் ஆற்றைக் கடக்கிறோம். அங்கெல்லாம் எவ்வளவு விலையுள்ள வாகனமும் கரையில்தான் நிற்கும். சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே, பூர்வகுடியினரான தெமியார் மக்கள் வாழும் குவாலா மூ பக்கத்து மலைப்பாதைகளுக்கு நான்கு சக்கர இயக்கம் உண்மையாகவே வேண்டும். ஆனால் அந்தப் பாதைகள் குறுகியவை. மழைக்குப் பின் செம்மண் சரிவில் இலேசான பிக்கப் ஏறிவிடும் இடத்தில் கனமான லோரி பக்கவாட்டில் வழுக்கும், வழுக்கியதை வெளியே இழுக்க இன்னொரு லோரி வேண்டும். அது கிழித்துவிட்டுப் போகும் தடத்தில் ஊர்மக்களின் மோட்டார் சைக்கிள்கள் அடுத்த மழை வரை அவதிப்படும். இதை நான் மிகுந்த அக்கறையுடன் சொல்கிறேன், அது அவர்கள் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகும் பாதை. வனக்காப்பகத்துக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். 2022 டிசம்பரில் பத்தாங் காலி நிலச்சரிவில் முகாமிட்டிருந்தவர்கள் உட்பட 31 பேர் உயிரிழந்த பிறகு, சரிவுக்கு அடியில் இரவு தங்கும் எண்ணத்தையே நான் விட்டுவிட்டேன். சரியான இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அறிவை எந்த வாகனமும் விலைக்குத் தருவதில்லை.

மத்திய ஆசியப் பயணத்தின் கணக்கு வேறு. சீனாவுக்குள் வெளிநாட்டு வாகனத்தை ஓட்ட, அந்நாட்டு முகவர் வழியாக அனுமதி, தற்காலிக எண் தகடு, தற்காலிக ஓட்டுநர் உரிமம், உடன் வரும் வழிகாட்டி ஆகியவை வேண்டும். வழிகாட்டிக்கு நாள்தோறும் பணம் கொடுக்க வேண்டியிருப்பதால், வேகமாகவும் பழுதில்லாமலும் ஓடும் வாகனம் அங்கே உங்களுக்குப் பணத்தைச் சேமிக்கும். இந்தியா, பாகிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளுக்கு வாகனத்தைக் கொண்டுபோகக் கார்னே என்னும் சுங்கப் பத்திரம் வேண்டும், அதற்கான பிணைத்தொகை வாகனத்தின் மதிப்பைப் பொறுத்தது. மதிப்புக் கூடிய வாகனத்துக்குப் பிணையும் கூடும். 2021-க்குப் பிறகு மியன்மார் வழி நம்பத்தக்கதாக இல்லாததால் இந்தியாவுக்குக் கப்பலில்தான் அனுப்ப வேண்டும். சாதாரணக் கொள்கலனின் கதவு உயரம் சுமார் 2.28 மீட்டர், உயரமான கொள்கலனில் சுமார் 2.58 மீட்டர். மடித்த கூரைக் கூடாரத்துடன் உள்ள பிக்கப் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். லோரிமேல் கட்டிய அறை அடங்காது. அதைத் திறந்த தளத்திலோ ஓட்டி ஏற்றும் கப்பலிலோ அனுப்ப, அளவுக்கேற்பக் கட்டணம் கொடுக்க வேண்டும். வாங்கும் முன்பே உயரத்தை அளந்து பார்ப்பதற்கு இதுவே காரணம். பாமிர் நெடுஞ்சாலையில் 4,655 மீட்டர் உயரமுள்ள அக்-பைத்தால் கணவாயில் கோடையிலும் இரவு கடுங்குளிராக இருக்கும். நல்ல உறக்கப் பையும் சிறிய வெப்பமூட்டியும் அந்தச் சில இரவுகளுக்குப் போதும்.

மறுமொழி: செம்பனைவாசி, சுங்கை சிப்புட்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் விளக்கங்களை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். வெளிநாட்டு வாகனத்தை வரவழைக்கும் எண்ணத்தைக் கைவிடுகிறோம். ஓய்வு வரை தேவையானபோது வாடகைக்கு எடுத்து, எத்தனை நாள் உண்மையில் பயணம் செய்கிறோம் என்று பார்ப்பதென்றும், அதன்பின் பிக்கப் வாங்குவதென்றும் முடிவு செய்திருக்கிறோம். ஒரே ஓர் ஐயம். என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, கூரைக் கூடாரத்துக்கு இரவில் ஏணி ஏறி இறங்குவது அவருக்கு முடியாது. பிக்கப்பின் பின்பகுதியிலேயே படுக்கும்படி சிறிய அறை கட்டினால் அதற்கு அனுமதி கிடைக்குமா? செலவு மறுபடி ஏறிவிடுமா?

மறுமொழி: லோரிப்பட்டறை, குவாலா கங்சார்

ஐயா, அக்காவின் முழங்காலை முன்னிட்டுக் கூடாரத்தை மறந்துவிடுங்கள், அது சரியான முடிவு. சரக்கு ஏற்றும் பின்பகுதித் தொட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே உயரமான மூடியைப் பொருத்தி, உள்ளே தரைமட்டத்துக்கு நெருக்கமாகப் படுக்கை அமைப்பதே குறைந்த செலவு. இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்பின் தொட்டி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம்தான் என்பதால், கால் நீட்டிப் படுக்கப் பின்கதவைத் திறந்து அதன்மேல் ஒரு பலகையை நீட்டிப்பதுபோல் செய்ய வேண்டியிருக்கும். ஒற்றை வரிசை இருக்கையுள்ள வாகனத்தில் தொட்டி நீளம், விலையும் பொதுவாகக் குறைவு. நீங்கள் இருவர் மட்டுமே என்பதால் அதையே பாருங்கள்.

தொட்டியை அகற்றி அறையை நிலையாகக் கட்டுவது வாகனத்தின் கட்டமைப்பை மாற்றுவதாகும். அதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தின் சோதனையும் வேண்டும், காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத மாற்றம் உள்ள வாகனம் விபத்துக்குள்ளானால் இழப்பீடு மறுக்கப்படலாம். உயரமான மூடியைப் பொருத்துவதற்கு முன்பும் அதன் அளவைக் காட்டி ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பட்டறையாவது முதலில் கட்டிவிட்டுப் பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னால் அங்கே முன்பணம் கொடுக்க வேண்டாம். வரைபடம், எடைக் கணக்கு, அனுமதிக் கடிதம், அதன் பிறகு இரும்பை வெட்டுவது என்ற வரிசையில் வேலை நடக்க வேண்டும். வாகனத்தை வாங்கியதும், ஒன்றும் பொருத்தாத நிலையில் ஏதேனும் ஓர் எடை மேடையில் நிறுத்தி, முன் அச்சின் எடையையும் பின் அச்சின் எடையையும் தனித்தனியாக எழுதிக்கொண்டு வாருங்கள். செம்பனை ஆலைகளில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அந்த இரண்டு எண்கள் இருந்தால் எவ்வளவு கட்டலாம் என்பதை அன்றே சொல்லிவிடுவேன்.